நாய், பூனையோடு வெளிநாடு கிளம்புபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை மாற்றம், மேற்படிப்பு, பிள்ளைகளோடு போய்த் தங்குவது என்று சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் வீட்டு நாயையும் பூனையையும் விட்டுப் போக மனமில்லாமல் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவற்றுக்கு விடை ஒன்றுதான்: சீக்கிரம் ஆரம்பியுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்த மாதம் ஜெர்மனியில் வேலைக்குச் சேர வேண்டும். நாயைக் கூட்டிப் போக என்ன செய்யணும்?

அடுத்த மாதம் நீங்கள் போகலாம், நாய் போக முடியாது. ரேபிஸ் விஷயத்தில் நம்பகமான நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் இங்கிருந்து போகும் ஒவ்வொரு நாயும் பூனையும் நான்கு படி ஏற வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள எண் சில்லு. அதற்குப் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகுதான் விமானம்.

ஜனவரி 5-ஆம் தேதி சிப்பும் ஊசியும் போட்டதாக வையுங்கள். பிப்ரவரி 4-க்கு முன் ரத்தம் எடுக்கக் கூடாது. அன்றைக்கே எடுத்தாலும் மே மாதம் முதல் வாரத்துக்கு முன் ஐரோப்பிய மண்ணில் நாய் கால் வைக்க முடியாது. இது ஒரு நாள்கூடத் தவறாமல் எல்லாம் நடந்தால். டாக்டர் ஊரில் இல்லை, கூரியர் தாமதம், ரிப்போர்ட்டில் எழுத்துப் பிழை என்று வரும் இடைஞ்சல்களுக்கும் இடம் விட்டு, ஆறு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

குட்டி என்றால் கணக்கு இன்னும் நீளும். 12 வாரம் முடியாமல் போட்ட ரேபிஸ் ஊசி செல்லாது. அதற்கு மேல் 30 நாள், அதற்கு மேல் மூன்று மாதம். ஏறக்குறைய ஏழு மாதம் ஆகாத குட்டி சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு முறைப்படி போக வழியே இல்லை.

அப்படியானால் நான் முதலில் போய்விடுகிறேன், நாயைப் பின்னால் அனுப்பச் சொல்லலாமா?

பலர் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் விலங்கும் பயணம் செய்தால்தான் அது 'சொந்தச் செல்லப்பிராணி'. அந்த எல்லையைத் தாண்டினால் வணிக இறக்குமதி என்று எடுத்துக்கொள்வார்கள். பேப்பர் வேறு, செலவு வேறு, அலைச்சல் வேறு. அதனால் நீங்கள் போய் வீடு பார்த்து, வேலையில் நிலைத்து, மூன்று நான்கு மாதம் கழித்து ஒருமுறை ஊருக்கு வந்து கையோடு கூட்டிப் போவதுதான் உத்தமம். பொங்கலுக்கோ சித்திரைத் திருநாளுக்கோ எப்படியும் வரத்தானே போகிறீர்கள்? அந்தப் பயணத்துக்குப் பொருந்தும்படி ரத்தப் பரிசோதனைத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாய்க்கு வருஷா வருஷம் ஊசி தவறாமல் போடுகிறோம். அப்புறம் ஏன் இத்தனை கெடுபிடி?

உங்கள் நாயின் மேல் சந்தேகமில்லை, அது வளர்ந்த நாட்டின் மேல்தான். உலகில் ரேபிஸால் நிகழும் சாவுகளில் 36 விழுக்காடு இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த நோயை ஒழித்துவிட்ட நாட்டுக்காரன் கதவிடுக்கு வழியாகப் பார்த்துத்தான் திறப்பான்.

மூன்று மாதக் காத்திருப்புக்கும் காரணம் இருக்கிறது. கடிபட்ட இடத்திலிருந்து ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகிறது. அறிகுறி தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஊசி போடும் முன்பே நாய்க்குத் தொற்று இருந்திருந்தால், இந்த இடைவெளியில் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு வரை வந்த நாய்களை எல்லாம் ஆறு மாதம் கூண்டில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அதை நினைத்தால் உங்கள் வீட்டு சோபாவில் படுத்தபடி மூன்று மாதம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

மைக்ரோசிப் எங்கே போடுவார்கள்? வலிக்குமா?

அரிசி மணி அளவு இருக்கும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், தோலுக்கு அடியில், சற்றுத் தடித்த ஊசியால் செலுத்துவார்கள். ஒரு நொடி சிணுங்கும், அவ்வளவுதான். மயக்க மருந்தெல்லாம் வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரம், 15 இலக்க எண். வேறு வகைச் சிப் என்றால் அங்குள்ள ஸ்கேனரில் படாது. போட்டதும் டாக்டரிடம் சொல்லி உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்து பாருங்கள். திரையில் வரும் எண்ணையும் சான்றிதழில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சிப் சில நாய்களுக்கு மெல்ல நகர்ந்து முன்னங்கால் தோள் பக்கம் இறங்கிவிடும். கழுத்தில் மட்டும் ஸ்கேனரை வைத்துப் பார்த்துவிட்டு 'சிப் இல்லை' என்று சொன்னால் பதற வேண்டாம், தோளிலும் விலாவிலும் ஸ்கேனரை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஊசி போன மாதம்தான் போட்டோம், சிப் இன்னும் போடவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அவர்களிடம் ஆதாரம் இல்லை. ஆகவே அது போடாத ஊசிக்குச் சமம். சிப் போட்டு, மறுபடி ரேபிஸ் ஊசி போட்டு, 30 நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டும். இந்த வரிசைக் குழப்பத்தில்தான் நிறையப் பேருக்கு இரண்டு மூன்று மாதம் வீணாகிறது. வெளிநாடு போகும் எண்ணம் லேசாக இருந்தாலே குட்டியிலேயே சிப் போட்டுவிடுங்கள். போகாவிட்டாலும் நஷ்டமில்லை, நாய் தொலைந்துபோனால் உதவும்.

டைட்டர் டெஸ்ட் என்கிறார்களே, அது என்ன? நம் ஊர் லேபில் செய்யலாமா?

ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. எந்த ஆய்வகம் என்பதை முடிவு செய்வது நீங்கள் போகும் நாடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல், அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல். தெருமுனை லேப் ரிப்போர்ட் எங்கேயும் செல்லாது.

கிளினிக்கில் நடப்பது இது: முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து ரத்தம் எடுப்பார்கள். அதை உறையவிட்டு, சுழற்றும் கருவியில் வைத்துச் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளியும். அதை மட்டும் சின்னக் குப்பிக்கு மாற்றி, ஐஸ் பேக்கோடு கூரியரில் அனுப்புவார்கள். சிவப்பாகக் கலங்கிய சீரத்தை ஆய்வகம் திருப்பிவிட வாய்ப்புண்டு. குப்பியின் மேலும் படிவத்திலும் சிப் எண் இருக்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது 0.5-ஐ அல்ல, அந்தப் பதினைந்து இலக்கத்தை. அதில் ஒன்று மாறினாலும் அந்த ரிப்போர்ட் இன்னொரு நாயின் ரிப்போர்ட்.

டைட்டர் 0.5-க்குக் கீழே வந்தால்?

இன்னொரு ஊசி, மறுபடி ரத்தம், மூன்று மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்களுக்கு இப்படி ஆவதுண்டு. அதனால் ரத்தம் எடுக்கும் முன் இரண்டு ஊசி போட்டுவிடலாம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். நேரம் இருந்தால் கேட்பது நல்லது.

தேர்ச்சி பெற்றுவிட்டால் ஐரோப்பாவைப் பொறுத்தவரை அது ஆயுசுக்கும் போதும், ஒரு நிபந்தனையோடு: அடுத்தடுத்த ஊசிகள் ஒரு நாளும் தவறக் கூடாது. காலாவதி ஆன மறுநாள் போட்டால்கூடப் பழைய டைட்டர் போயிற்று.

தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறது. அது போதும் அல்லவா?

புத்தகம் வேண்டும், அதில் எழுதியிருப்பது சரியாக இருக்கவும் வேண்டும். ஊசி மருந்தின் பெயர், பேட்ச் எண் ஸ்டிக்கர், போட்ட தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, டாக்டரின் கையெழுத்து, அவருடைய கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண், முத்திரை. இவற்றில் ஏதோ ஒன்று நம் ஊர்ப் புத்தகங்களில் விடுபட்டிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தேதி இராது. தேதி இருக்கும், அடித்துத் திருத்தியிருக்கும். நாயின் பெயர் ஒரு பக்கத்தில் 'மணி', இன்னொரு பக்கத்தில் 'மேனி' என்று ஆங்கிலத்தில் இரண்டு விதமாக இருக்கும். நமக்கு இது சிரிப்பு. கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இரண்டு நாய். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் புதிய புத்தகத்தில் சுத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணை ஆபீஸில் என்ன வேலை?

மத்திய அரசின் விலங்குகள் குவாரண்டைன், சான்றளிப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஏ.க்யூ.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவை விட்டு நாயோ பூனையோ வெளியேற அவர்கள் தரும் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். உங்கள் டாக்டர் தரும் சான்று தனியார் சான்று, அதைப் பார்த்து அரசு மருத்துவர் தருவதே வெளிநாட்டில் செல்லுபடியாகும். கிளினிக்கில் எவ்வளவு பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

பாஸ்போர்ட் நகல், டிக்கெட், தடுப்பூசிப் புத்தகம், சிப் சான்று, டைட்டர் ரிப்போர்ட், உங்கள் டாக்டரின் உடல்நலச் சான்று, போகும் நாட்டின் அனுமதி இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் அசலும் இரண்டு நகலும் எடுத்துப் போங்கள். ஐரோப்பியச் சான்றிதழ் படிவத்தை நாயோடு முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அது கையெழுத்தானதிலிருந்து பத்து நாளுக்குள் நாய் ஐரோப்பாவை அடைய வேண்டும். ஆக, இந்த ஆபீஸ் வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிட முடியாது. கடைசி வாரத்தில் வீடு காலி செய்வது, கேஸ் கனெக்‌ஷன் ஒப்படைப்பது என்று நூறு வேலை இருக்கும்போதுதான் பள்ளிக்கரணைக்கும் போக வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளைக் காலண்டரில் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

உண்ணி விஷயத்தில் கவனம். சென்னை நாய்க்கு உண்ணி வருவது புதிதல்ல, ஆனால் பரிசோதனை மேசையில் காதுக்குள் ஒன்று ஊர்ந்தால் அன்றைய சான்றிதழ் சந்தேகம்தான். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே உண்ணி மருந்தை விடாமல் கொடுங்கள்.

லண்டனுக்கு என்றால்?

சிப், ஊசி, டைட்டர், மூன்று மாதம் எல்லாம் ஐரோப்பா போலவே. கூடுதலாக இரண்டு. ஒன்று, நாய்க்கு நாடாப்புழு மருந்து, பிரிட்டனில் இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னும் 120 மணி நேரத்துக்கு உள்ளும் டாக்டர் கையால் கொடுத்துச் சான்றில் நேரத்தோடு பதிய வேண்டும். இடையில் துபாயிலோ தோஹாவிலோ நீண்ட இடைநிறுத்தம் இருந்தால் அந்த நேரத்தையும் சேர்த்து எண்ணுங்கள். பூனைக்கு இது கிடையாது. இரண்டு, விமானத்தில் வந்தால் அது சரக்காகத்தான் வர வேண்டும். கேபினில் உங்கள் காலடியில் வைத்து ஹீத்ரோவில் இறங்க முடியாது.

இதைத் தவிர்க்கச் சிலர் ஆம்ஸ்டர்டாம் வரை கேபினில் வந்து, அங்கிருந்து ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகம் போய்க் கப்பலில் இங்கிலாந்தின் ஹாரிச்சுக்குக் கடப்பார்கள். சிறிய நாய், பூனை என்றால் நல்ல வழி. ஆனால் ஐரோப்பியச் சான்று ஒன்று, பிரிட்டிஷ் சான்று ஒன்று என்று இரண்டு செட் பேப்பர் வேண்டும்.

அமெரிக்காவுக்கு?

2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. விதிகளை இறுக்கிவிட்டது. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும், இறக்குமதிப் படிவம் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இந்தியா 'ரேபிஸ் அபாயம் அதிகம்' என்ற பட்டியலில் இருப்பதால் இன்னும் மூன்று: அரசு மருத்துவர் கையெழுத்திட்ட தடுப்பூசி–சிப் படிவம், அங்கீகரித்த ஆய்வகத்தின் டைட்டர் ரிப்போர்ட், இறங்கும் விமான நிலையத்தில் சி.டி.சி.யிடம் பதிவு பெற்ற விலங்குப் பராமரிப்பு மையத்தில் முன்பதிவு. அங்கே நாயைப் பரிசோதித்து, ஒரு ரேபிஸ் ஊசியும் போட்டு அனுப்புவார்கள். டைட்டர் இல்லாவிட்டால் 28 நாள் குவாரண்டைன், உங்கள் செலவில்.

இத்தகைய மையம் உள்ள விமான நிலையத்தில்தான் நாய் இறங்கலாம். நியூயார்க் ஜே.எஃப்.கே., வாஷிங்டன் டல்லஸ், அட்லாண்டா, மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் போன்றவை உண்டு. நம்மவர்கள் அதிகம் போகும் சான்ஃபிரான்சிஸ்கோ அதில் இல்லை. டிக்கெட் போட்டுவிட்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

பூனைக்கு இந்தச் சி.டி.சி. படிவங்கள் எதுவும் இல்லை. மாநில விதியையும் விமான நிறுவனத்தின் விதியையும் பார்த்தால் போதும். பூனை வளர்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்னொரு விஷயம், அங்கே வாழ்பவர்களுக்கு: அமெரிக்காவில் வளர்ந்த நாயை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டி வருகிறீர்கள் என்றால், கிளம்பும் முன்பே அமெரிக்கத் தடுப்பூசிப் படிவத்தை அந்நாட்டு வேளாண்துறையிடம் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தபிறகு அதை வாங்க முடியாது. இல்லாவிட்டால் திரும்பும்போது உங்கள் நாயும் 'வெளிநாட்டில் ஊசி போட்ட நாய்' ஆகி, டைட்டரிலிருந்து எல்லாம் செய்ய வேண்டிவரும்.

கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா?

கனடா இவற்றில் எளிது. சொந்த நாய்க்கு முறையான ரேபிஸ் தடுப்பூசிச் சான்று போதும், டைட்டர் கேட்பதில்லை. ஆனால் 2022 செப்டம்பர் 28 முதல், இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கோ நாய்களைக் கொண்டுவரத் தடை. 'டொரண்டோவில் இருக்கும் தோழிக்கு ஒரு நாயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்' என்பது இந்தத் தடைக்குள் மாட்டும். உங்கள் நாய் உங்களோடு போவது வேறு.

சிங்கப்பூர் தூரத்தில் பக்கம், நடைமுறையில் தூரம். உரிமம், டைட்டர், இறங்கியதும் குறைந்தது 30 நாள் குவாரண்டைன். குவாரண்டைன் மையத்தில் இடம் முன்பதிவு செய்யாமல் டிக்கெட் போடாதீர்கள். அதைவிட முக்கியம் நீங்கள் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்பது. வீட்டுவசதி வாரிய அடுக்குமாடியில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். லாப்ரடாருக்கு இடமில்லை, ராஜபாளையத்துக்கும் இல்லை. பூனைக்கு இருந்த தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. இப்போது இரண்டு பூனை வரை வளர்க்கலாம்.

ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதே இல்லை. அவர்கள் ஏற்கும் வேறொரு நாட்டில் விலங்கைக் கொண்டுபோய் வைத்து, அங்கே பேப்பர் முடித்து, பிறகு மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாம் குவாரண்டைனுக்கு அனுப்ப வேண்டும். 2015-இல் நடிகர் ஜானி டெப் தன் இரண்டு நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுவந்தபோது, நாட்டைவிட்டு அனுப்பாவிட்டால் கருணைக்கொலை என்று அமைச்சரே அறிவித்தார். அவருக்கே அப்படியென்றால் நமக்கு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபினில் என்னோடு வைத்துக்கொள்ள முடியுமா?

பூனை, சிறிய நாய் என்றால் சில நிறுவனங்களில் முடியும். லுஃப்தான்ஸாவில் பையோடு சேர்த்து 8 கிலோ. எமிரேட்ஸ் பயணிகள் பகுதியில் நாய் பூனையை ஏற்பதில்லை. வழிகாட்டி நாய்க்கு விலக்கு உண்டு, துபாய்க்கும் பாகிஸ்தானின் சில ஊர்களுக்கும் இடையில் வல்லூறுக்கும் உண்டு! ஒரு விமானத்துக்கு இத்தனை விலங்குதான் என்று எல்லை இருப்பதால், உங்கள் டிக்கெட்டை வாங்கும் முன்பே போன் செய்து விலங்குக்கு இடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆன்லைனில் டிக்கெட் வாங்கிவிட்டுக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

'மன ஆறுதல் தரும் நாய்' என்று சான்றிதழ் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் அவற்றுக்குச் சலுகை தரத் தேவையில்லை என்று 2021-லேயே ஆகிவிட்டது.

கூண்டு எந்த அளவில் வாங்குவது?

கண்ணளவில் வாங்காதீர்கள். நாயைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து இன்ச் டேப்பை எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஓர் அளவு. தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை இன்னொன்று. தோள் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காது நுனியோ, எது உயரமோ அது. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி கூண்டின் நீளம் முதல் அளவோடு முட்டி உயரத்தில் பாதியைச் சேர்த்தது. அகலம் தோளைப்போல் இருமடங்கு. உயரம் தலை உயரத்தோடு விரிப்பின் கனம். மூக்கிலிருந்து வால் வரை 80 செ.மீ., முட்டி உயரம் 32 செ.மீ. என்றால் நீளம் 96 செ.மீ. நாய் உள்ளே நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும், காது கூரையில் இடிக்கக் கூடாது.

நான்கு பக்கமும் காற்றுத் துளை, மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைக்க உலோக போல்ட்டு, வெளியிலிருந்து நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கூண்டின் அளவு செலவையும் நிர்ணயிக்கும். சரக்குக் கட்டணம் எடையா, கன அளவா, எது அதிகமோ அதற்குத்தான். 102 × 69 × 76 செ.மீ. கூண்டின் மூன்று அளவையும் பெருக்கி, சரக்குக் கணக்குப்படி 6000-ஆல் வகுத்தால் 89 கிலோ வருகிறது. உங்கள் லாப்ரடார் 28 கிலோதான், ஆனால் பில்லில் 89 கிலோ. 'போகப் போக வசதியாக இருக்கட்டும்' என்று ஓர் அளவு பெரிதாக வாங்குபவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

பயப்படும். தூக்க மருந்து கொடுத்து ஏற்றலாமா?

வேண்டாம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் மயக்கத்தில் இருக்கும் விலங்கை ஏற்றவே மாட்டா. மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குலைக்கும், தடுமாறி விழுந்தால் கீழே சரக்கறையில் யாரும் பார்த்துக்கொள்ள இல்லை. அதற்குப் பதில் கூண்டை இரண்டு மாதம் முன்பே வாங்கி ஹாலில் திறந்து வையுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் கூண்டு வாசலில், பிறகு உள்ளே, பிறகு கடைசி மூலையில் வையுங்கள். ஒருநாள் கூப்பிடாமலே உள்ளே போய்ப் படுத்துத் தூங்கும். அதன் பிறகுதான் கதவைச் சாத்திப் பழக்க வேண்டும், முதலில் ஐந்து நிமிடம், பிறகு ஒரு ராத்திரி. நீங்கள் உடுத்திய பழைய பனியனையோ நைட்டியையோ துவைக்காமல் உள்ளே விரித்துவிடுங்கள்.

எங்களிடம் இருப்பது பக்.

ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பக் வந்த காலத்தில் ஆரம்பித்த மோகம், இன்னும் சென்னையில் குறையவில்லை. பக், புல்டாக், ஷிட்சு, பெர்சியன் பூனை போன்ற தட்டை மூக்கு இனங்களுக்குச் சாதாரணமாகவே மூச்சு வாங்கும். சூட்டிலும் பதற்றத்திலும் திணறிவிடும். சில நிறுவனங்கள் இவற்றைச் சரக்கில் ஏற்பதில்லை. ஏற்பவர்களும் பத்து விழுக்காடு பெரிய கூண்டு கேட்பார்கள். கேபினில் போகும் எடை என்றால் கேபின், இல்லையென்றால் டிசம்பர், ஜனவரி. மே மாதச் சென்னை வெயிலில் பக்கை விமானம் நிற்கும் தளத்தில் நிறுத்தும் திட்டத்துக்கு நான் யாருக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன்.

தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். இனம் என்ன என்று எழுதுவது?

'கலப்பினம்' என்று எழுதினால் போதும், எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். உண்மையில் சில நாடுகள் வைத்திருக்கும் நாய் இனத் தடைப்பட்டியல்கள் குறி வைப்பது நாட்டு நாயை அல்ல. பிட்புல் வகைகள், பிரிட்டனில் ஜப்பானிய டோசா, 2024 பிப்ரவரி முதல் எக்ஸ்.எல். புல்லி, ஜெர்மனியில் ஸ்டாஃபர்ட்ஷயர் வகைகள், இவைதான் மாட்டும். அமீரகமும் பிட்புல் வகைகளை அனுமதிப்பதில்லை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று எழுதினால் கவுன்ட்டரில் இருப்பவர் இணையத்தில் தேடிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வயதான நாய். கூட்டிப் போகலாமா, அம்மா வீட்டில் விடலாமா?

டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். பதிமூன்று வயது லாப்ரடார், இடுப்பு தளர்ந்தது, இதயமும் பலவீனம் என்றால், அம்மா வீட்டுத் திண்ணையும் தயிர்சாதமும் அதற்கு ஐரோப்பாவைவிட மேல் என்பது என் கருத்து. உடல் நன்றாக இருந்தால் வயதை மட்டும் பார்த்துத் தயங்க வேண்டாம். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கும் இதே கேள்வியைக் கேட்பேன்: திரும்பி வரும்போது இந்தப் பாட்டை இன்னொரு முறை அது தாங்குமா?

ஏஜென்ட் தேவையா?

கேபினில் போகும் பூனைக்குத் தேவையில்லை, பொறுமை இருந்தால் நீங்களே முடிக்கலாம். சரக்காகப் போகும் நாய்க்குப் பெரும்பாலும் தேவை, ஏனென்றால் பல நிறுவனங்கள் கார்கோ முன்பதிவைத் தனி ஆளிடமிருந்து வாங்குவதில்லை. கட்டணத்தைக் கேட்கும்போது மொத்தத் தொகை கேட்காதீர்கள். விமானச் சரக்குக் கட்டணம், கூண்டு, டைட்டர், அரசுச் சான்று, அங்கே இறங்கியதும் சுங்கக் கட்டணம், ஏஜென்ட் கூலி என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று இறங்கும் இடத்துச் செலவைச் சொல்லாமல் விடுபவரிடம் போகாதீர்கள்.

கிளம்பும் நாளில் சாப்பாடு?

ஐரோப்பா விமானங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. வெயில் இல்லாதது நாய்க்கு நல்லது. நான்கு மணி நேரம் முன்பு அரை வயிற்றுச் சாப்பாடு, தண்ணீர் கடைசி வரை. கூண்டுக் கிண்ணத்துத் தண்ணீரை உறைய வைத்துக் கொண்டுபோனால் சிந்தாமல் மெல்ல உருகும். விமான நிலையத்துக்கு வெளியே ஒரு நீண்ட நடை, பிறகு கூண்டு.

ஐரோப்பாவுக்கு இறைச்சி, பால் பொருள் எதையும் பயணிகள் கொண்டு போகக் கூடாது, நாய்த் தீனியும் அதில் அடக்கம். பெட்டி நிறைய அடைக்காதீர்கள். போகும் ஊரில் கிடைக்கும் தீனிக்கு முன்பே பழக்க முடியுமா என்று பாருங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு?

ஜெர்மனியில் நாய்க்கு வரி கட்ட வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் பூனைக்கும் சிப் கட்டாயம், அங்கே உள்ள பதிவேட்டில் உங்கள் முகவரியைச் சேர்க்க வேண்டும். முதல் ஒரு வாரம் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். வாசனை தெரியாத ஊரில் ஓடினால் வீட்டுக்கு வழி தெரியாது.

திரும்பி இந்தியா வரும்போது?

வெளிநாட்டில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்து குடிபெயர்ந்து திரும்புபவர் இரண்டு விலங்கு வரை கொண்டுவரலாம். ஏ.க்யூ.சி.எஸ்.ஸிடம் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, கொச்சி போன்று அவர்களுடைய நிலையம் உள்ள ஊர்களில்தான் இறக்க முடியும். திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். போகும்போது பள்ளிக்கரணையில் வாங்கிய சான்றின் அசலைப் பத்திரமாக வையுங்கள், நாய் இங்கிருந்து போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

பச்சைக்கிளி வளர்க்கிறோம், அதையும் கொண்டு போகலாமா?

முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம், ஏற்றுமதிச் சான்று கேட்டுப் போனால் உங்களையே மாட்டிவிடும். நட்சத்திர ஆமைக்கும் இதே பதில். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.